பள்ளிப் பணியாளர் புரியும் பாலியல் குற்றங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை (இந்தியா)

பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் குழந்தையிடம் பாலியல் குற்றம் புரிந்திருக்கிறார் என்று தெரியவந்தால், அதைக் காவல்துறைக்குச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை இந்தியாவில் எந்தப் பள்ளிக்கும் கிடையாது. சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். இக்கடமையை விதிப்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012. சுருக்கமாகப் போக்சோ எனப்படும் இச்சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத அனைவரும், ஆணோ பெண்ணோ, இச்சட்டத்தின் பார்வையில் குழந்தைகளே.

இதற்கு முன்பு குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பொதுப் பிரிவுகளின் கீழேயே வந்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கொலை போன்ற சில குற்றங்களைப் பொதுமக்கள் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், 53.22 விழுக்காட்டினர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்த ஆய்வு வலுச் சேர்த்தது.

சட்டம் சொல்வது

19ஆம் பிரிவு எல்லோருக்கும் பொதுவானது. குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். தகவலைக் காவலர் எழுத்தில் பதிந்து, எண்ணிட்டு, தந்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் செய்தி போக வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு 19(7)இல் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து வாய் திறக்காத ஆசிரியர்கள் இன்றும் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 21(1). குற்றம் செய்தவர் தன் கட்டுப்பாட்டில் பணிபுரிபவராக இருந்து, நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தெரிவிக்காமல் விட்டால், 21(2)இன்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தலைமை ஆசிரியர், முதல்வர், தாளாளர் ஆகியோரைப் பிடிக்கும் விதி இதுதான். கீழே இருப்பவரின் குற்றத்தை மறைப்பதில் மேலே இருப்பவருக்கு லாபம் உண்டு என்பதை உணர்ந்தே சட்டம் அவருக்குக் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. தெரிவிக்கத் தவறியதற்காகக் குழந்தைக்குத் தண்டனை இல்லை.

கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் புரியும் குற்றத்தை 5, 9 ஆகிய பிரிவுகள் கடுமையான குற்றமாக வகைப்படுத்துகின்றன. வன்புணர்வு நிகர்த்த குற்றமாயின், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், பள்ளிகளின் நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர்கள் அனைவரையும் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் காவல்துறை மூலம் சரிபார்க்கவும் ஆணையிடுகின்றன.

‘நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’

நடைமுறையில் சட்டம் தோற்கும் இடம் இதுதான். புகார் வந்ததும் பள்ளி ஒரு குழு அமைக்கிறது. குழந்தையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறது. ஆசிரியரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்குகிறது. வேறு பள்ளிக்கு அனுப்புகிறது. போன இடத்தில் வேறு குழந்தைகள் இருக்கிறார்கள். பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் (2013) கீழ் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் இத்தகைய புகார்களைத் தள்ளிவிடும் பள்ளிகளும் உண்டு. அக்குழுவுக்கு விசாரணையை முடிக்க 90 நாள் அவகாசம் இருக்கிறது. போக்சோவின் 19ஆம் பிரிவில் விசாரணைக்கென்று பள்ளிக்கு ஒரு நாள்கூடத் தரப்படவில்லை. துறை நடவடிக்கை தனியே நடக்கலாம். அது முடியட்டும் என்று காவல்துறைக்குச் சொல்லாமல் காத்திருக்கக் கூடாது.

2013இல் சங்கர் கிசன்ராவ் காடே வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கல்வி நிறுவனப் பொறுப்பாளர்கள் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், பள்ளி விடுதி மாணவிகள் துன்புறுத்தப்பட்டது தெரிந்தும் தகவல் தரவில்லை என்று அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் மீது வழக்கு பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது. கேரளத்து டெஸ்ஸி ஜோஸ் வழக்கில் (2018) இதே நீதிமன்றம் மருத்துவர்களை விடுவித்தது. தெரிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, தேடித் துருவி அறிந்துகொள்ளும் பொறுப்பு இல்லை என்பது அதன் விளக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எல்லை தெளிவாகிறது. காதுக்கு வந்த செய்தியை மெய்ப்பிப்பது பள்ளியின் வேலை அன்று. காவல் நிலையத்தில் சேர்ப்பதே அதன் வேலை.

2024 ஆகஸ்டில் தாணே மாவட்டத்தின் பத்லாப்பூரில் மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவரைப் பள்ளித் துப்புரவுப் பணியாளர் துன்புறுத்தியதாகப் புகார் எழுந்தது. பள்ளி காவல்துறையிடம் போகவில்லை. முறையிடச் சென்ற பெற்றோர் காவல் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தனர். மக்கள் ரயில் பாதையில் இறங்கிப் போராடினர். பம்பாய் உயர் நீதிமன்றம் வழக்கைத் தானாக எடுத்துக்கொண்டது. பின்னர் பள்ளி நிர்வாகிகள் மீது 21ஆம் பிரிவு பாய்ந்தது.

தமிழ்நாட்டில்

அதே 2024 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் நடத்தியவர் பள்ளி மாணவிகளைத் துன்புறுத்திய வழக்கு வெளிப்பட்டது. மாணவிகள் சொன்னதைப் பள்ளித் தரப்பு மூடி மறைக்கப் பார்த்ததாகக் குற்றச்சாட்டு. முகாம் நடத்தியவரோடு பள்ளி முதல்வரும் தாளாளரும் கைது செய்யப்பட்டனர். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. 2021இல் சென்னையில் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது முன்னாள் மாணவியர் சமூக ஊடகத்தில் பாலியல் புகார் கூறத் தொடங்கியபின் பல பள்ளிகளிலிருந்து புகார்கள் வந்தன. அதையடுத்துப் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுக்களும் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டிகளும் ஏற்பட்டன. குற்றம் உறுதியானால் பணிநீக்கத்தோடு ஆசிரியரின் கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்ய வகைசெய்யும் அரசாணை எண் 121, 2012 மே மாதத்திலேயே வந்துவிட்டது. இங்கு போக்சோ புகார்களைப் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களே கையாளுகின்றன.

எல்லைகளும் மாற்றுக் கருத்துகளும்

பள்ளியில் அடி வாங்கும் குழந்தைக்கு இக்கடமை துணை வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்தாலும், துறை நடவடிக்கை என்பதோடு நின்றுவிடுகிறது. கட்டாயத் தகவலை எதிர்ப்பவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள்: சொன்னதும் வழக்காகும் என்று தெரிந்தால் குழந்தை யாரிடமும் மனம் திறக்காது. பதின்பருவக் காதல்களும் வழக்காகின்றன. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தக் கவலையை ஏற்றுத்தான். இவை நியாயமான கவலைகள். ஆனால் ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே இருக்கும் அதிகார வேறுபாட்டில் இவற்றுக்கு இடமில்லை. சம்பளம் தரும் நிர்வாகமே நீதிபதியாகவும் இருந்தால் குழந்தைக்கு நியாயம் கிடைக்காது.

குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி உள்ளிட்ட அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. எக்குழந்தையையும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. புகார் கொடுக்கத் தயங்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் இவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 நாள் முழுதும் இயங்குகிறது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.