கோயில் காட்டு விதைகள்

நம்ம நெல்லிக்குப்பத்தின் பெயரிலேயே நெல்லி இருக்கிறது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊர். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. ஆனால் அந்தத் தில்லை மரத்தைப் பார்க்க இன்றைக்குப் பிச்சாவரம் உப்பங்கழிக்குத்தான் போகணும்.

விறகுக்கும் உழவுக்கும் காடு அழிந்தது ஒரு பக்கம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று கடற்கரையில் சவுக்கு வைத்தார்கள். செம்மண் மேட்டில் முந்திரி வந்தது. இரண்டும் நமக்குச் சோறு போட்ட மரங்கள், குறை சொல்லவில்லை. வீரை, காசான், கருங்காலி, உலக்கைப்பாலை என்று கோடையிலும் பச்சையாக நின்ற பழைய காடு மட்டும் துண்டு துண்டாகிவிட்டது. சாமிக்குப் பயந்து கோடாரி வைக்காத இடங்களில்தான் அது தப்பியது. பக்கத்துத் திருமாணிக்குழிக் கோயில் காட்டையே புதுவைப் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்து 1997-இல் ஆய்வு வெளியிட்டார்கள்.

புதுச்சேரிக்கு வடக்கே 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெறும் மொட்டைச் செம்மண். பெய்த மழை மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடும். சீக்கிரம் வளருமென்று ஆஸ்திரேலியக் கத்திச்சவுக்கை நட்டார்கள். நிழல் வந்தது, இலை மக்கி மண் தேறியது. அதன் கீழே நட நாட்டு மரக்கன்று வேண்டுமே, எங்கே போவது? மிஞ்சியிருந்த கோயில் காடுகளைத் தேடித் தேடிப் போய் விதை பொறுக்கினார்கள்.

காட்டு விதை நெல் விதை மாதிரி இல்லீங்க. குதிரில் போட்டுவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுக்க முடியாது. நாவல் விதையைச் சில வாரம் காயவிட்டால் செத்துப்போகும்; பழம் தின்ற கையோடு ஊன்றணும். பாதிரி விதைக்கு இறக்கை உண்டு. காய் முற்றி வெடிக்கும் முன்னே பறிக்காவிட்டால் காற்று கொண்டுபோயிடும். ஒரே மரத்தை மொட்டையடிக்காமல் பல தாய்மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கணும். வௌவாலுக்கும் குருவிக்கும் பங்கு விடணும், காட்டில் விதைக்கிற ஆட்கள் அவைதானே!

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஆரோவில்லில் கத்திச்சவுக்கு ஏராளமாக விழுந்தது. அதன் நிழலில் வளர்ந்த நாட்டு மரங்கள் பல நின்றன.

சப்போட்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. ஒட்டுக்கட்டுகிற அடிக்கன்று இந்த உலக்கைப்பாலைதான். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும். ஊராரிடம் கேட்டுக்கொண்டு, கீழே விழுந்த பழத்தை மட்டும் எடுங்கள். விதை ஓடு கெட்டி, முளைக்க நாள் பிடிக்கும். பாத்தியைக் கிளறிப் பார்க்காதீர்கள்.