உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?

2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள். இத்தனை பேரின் மின்னணு மருத்துவப் பதிவுகளை அலசியதில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்கள் அதிகமாகச் செத்திருக்கிறார்கள் என்றது கட்டுரை. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய சாலிடாரிட்டி ஆய்வில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது.

மென்பொருள் வேலை பார்க்கிற யாரையும் இதில் உறுத்தியிருக்க வேண்டிய எண் 671தான். ஒரே ஊரில் இரண்டு மருத்துவமனைகளின் சாஃப்ட்வேரை ஒன்றோடொன்று பேச வைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒருவர் எடையை கிலோவில் எழுதுவார், இன்னொருவர் பவுண்டில். இங்கே சர்ஜிஸ்பியர் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம், உலகம் முழுக்க உள்ள பதிவுகளைச் சில வாரங்களில் ஒரே அட்டவணைக்குள் அடக்கிவிட்டதாம்.

ஆஸ்திரேலியாவில்தான் முதலில் கணக்கு இடித்தது. ஏப்ரல் 21 வரை அந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களே மொத்தம் 67 பேர். கட்டுரையில் ஐந்தே ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் 73 பேர் இறந்திருந்தார்கள். ஆசிய மருத்துவமனை ஒன்று தவறுதலாக ஆஸ்திரேலியாவோடு சேர்ந்துவிட்டது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆப்பிரிக்கக் கணக்கு இன்னும் மோசம். அந்தக் கண்டத்தின் கொரோனா மரணங்களில் நாற்பது சதவீதம், அதிநவீன மின்னணுப் பதிவு வைத்திருக்கும் இவர்களுடைய மருத்துவமனைகளிலேயே நடந்திருந்தால்தான் அந்த எண்கள் பொருந்தும். மூலத் தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, ஒப்பந்தம் இடம் தராது என்றார்கள். ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மோசடி, முடிந்தது என்று இதைக் கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. அந்தப் பதிவுகள் எல்லாமே நிஜமாக இருந்திருந்தாலும் அவற்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க முடியுமா?

மருத்துவப் பதிவை யார் எதற்காக எழுதுகிறார்கள்? அமெரிக்காவில் 2008 வாக்கில் அடிப்படை மின்னணுப் பதிவு இருந்த மருத்துவமனைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. 2009-ல் வந்த ஹைடெக் சட்டம் ஊக்கத்தொகை கொடுத்து எல்லாரையும் கம்ப்யூட்டருக்குத் தள்ளியது. அதில் பதிகிற நோய்க் குறியீடுகள் பெரும்பாலும் காப்பீட்டு பில்லுக்காக. ஒரு பரிசோதனைக்குப் பணம் வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு குறியீடு வேண்டும். சோதனையில் அந்த நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் குறியீடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் காலிக் கட்டங்கள். டேட்டாபேஸில் பூஜ்யமும் காலியும் வேறு வேறு என்பது எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தரப்படுகிற பாடம். "சிகரெட் பிடிப்பாரா" என்ற கட்டம் காலியாக இருந்தால் பிடிக்க மாட்டார் என்று அர்த்தமா, யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமா? இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: மோசமாக இருப்பவர்களுக்கே மருத்துவர்கள் அந்த மருந்தைக் கொடுத்திருந்தால், மருந்து கொன்றதா, நோய் கொன்றதா என்பதைப் பதிவு சொல்லாது.

நேர்மையாக முயன்றவர்களுக்கும் சிரமம் இருந்தது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 2012-ல் நுரையீரல் அடைப்பு நோய்க்கான ஒரு இன்ஹேலரை 2,799 நோயாளிகளிடம் சோதித்தார்கள். குடும்ப மருத்துவர், மருத்துவமனை இரண்டின் பதிவுகளும் அங்கே ஏற்கெனவே இணைந்திருந்தன. நோயாளியை அடிக்கடி வரவழைக்காமல் பதிவு வழியாகவே கவனித்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் நோய் முற்றியது என்பதற்கு அடையாளம் என்ன? மூச்சுத்திணறல் கூடி, அதற்காக ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். டாக்டரிடம் போகாமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே மூச்சு வாங்கியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

லான்செட் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதற்கு மறுநாள், ஜூன் 5, ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வு அதே மருந்தைப் பற்றி முடிவு சொன்னது. குலுக்கல் முறையில் 1,542 பேருக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், 3,132 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் இறந்தவர்கள் முறையே 25.7 சதவீதம், 23.5 சதவீதம். பயன் இல்லை. முதல் நோயாளி சேர்ந்தது மார்ச் 19-ல்தான். அதற்குள் 175 மருத்துவமனைகளில் 11,000-க்கும் மேற்பட்டோர் ஆய்வில் சேர்ந்துவிட்டார்கள்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? கேள்வியைச் சுருக்கினார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. டிஸ்சார்ஜ் ஆனாலோ, இறந்தாலோ, 28 நாள் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மருத்துவமனை ஊழியர் ஒரு சின்னப் படிவத்தை நிரப்புவார். மின்னணுப் பதிவிலிருந்து ஏன் நேராக எடுக்கவில்லை என்றால், மருத்துவமனைக்கு மருத்துவமனை சாஃப்ட்வேர் வேறு. அதையெல்லாம் சேர்க்கத்தான் 2002-ல் தேசியத் திட்டம் ஒன்றை ஆரம்பித்து, பல நூறு கோடி பவுண்டுகள் கொட்டி, 2011-ல் கலைத்தார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் நாடு முழுக்கப் பொதுவாக இருந்தது: என்ஹெச்எஸ் எண். அதன் வேர் போரில் இருக்கிறது. 1939 செப்டம்பர் 29 அன்று பிரிட்டனில் வீடு வீடாகக் கணக்கெடுத்து எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள், ஆள் சேர்க்கவும் ரேஷனுக்கும். 1948-ல் என்ஹெச்எஸ் பிறந்தபோது அந்த எண்ணே நோயாளி எண்ணாக ஆனது. 1990களில் அது பத்து இலக்கமாக மாறியது. கடைசி இலக்கம், தப்பாக டைப் செய்தால் காட்டிக்கொடுக்கிற சரிபார்ப்பு இலக்கம். இந்த எண்ணை வைத்து இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், வீட்டுக்குப் போன நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். மரணத்துக்கு கிலோ, பவுண்டு குழப்பம் கிடையாது. ஜூன் 16-ல் இதே ஆய்வுதான், மலிவான பழைய மருந்தான டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது.

பிழைத்தவர்கள் கதை வேறு. கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சிரைப்பும் விடாதவர்களுக்காக, லாங் கோவிட் என்ற குறியீட்டை 2020 கடைசியில் இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர்களின் கணினிகளில் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் வரையிலான சுமார் 5.8 கோடி பேரின் பதிவுகளில் தேடியபோது அது 23,273 பேருக்குத்தான் இருந்தது. நாலு வாரம் தாண்டியும் உடம்பு தேறவில்லை என்று அந்த மார்ச்சில் பிரிட்டன் முழுவதுக்குமான கணக்கெடுப்பில் சொன்னவர்களோ சுமார் 11 லட்சம் பேர். கால்வாசிக்கும் மேற்பட்ட கிளினிக்குகள் அந்தக் குறியீட்டை ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. இமிஸ் என்ற சாஃப்ட்வேர் வைத்திருந்த கிளினிக்குகளில் லாங் கோவிட் அதிகம், டிபிபி வைத்திருந்த கிளினிக்குகளில் கம்மி.