லைம் ஊரின் மூட்டுவலி

இன்று லைம் நோய் எனப்படுவது 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பெயரில்லாத ஒரு மூட்டுவலியாகவே இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரையில் லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் என்று மூன்று ஊர்கள் உள்ளன. மூன்றிலும் சேர்த்து அப்போது சுமார் 12,000 பேர் வாழ்ந்தனர். கோடையில் அங்கே பலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, திடீரென முழங்கால் வீங்கும். சில நாளிலோ வாரத்திலோ வடிந்துவிடும். மாதங்கள் கழித்து மறுபடியும் வீங்கும். முடக்குவாதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாது. வேறு விளக்கம் இல்லாததால் பல பிள்ளைகளுக்கு இளம்பருவ முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

லைமில் வாழ்ந்த பாலி மர்ரே என்ற பெண்ணுக்கு 1960களிலிருந்தே காய்ச்சல், தலைவலி, தோல் தடிப்பு, மூட்டு வீக்கம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டிருந்தது. பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்ததால், சிக்கல் மனதில்தான் என்று கருதிய மருத்துவர்களும் உண்டு. அவர் எந்த நாளில் யாருக்கு எந்த மூட்டு வீங்கியது, தோலில் என்ன தெரிந்தது என்று தொடர்ந்து குறித்து வைத்தார். அக்கம்பக்கத்தில் இதே தொல்லை உள்ளவர்களையும் விசாரித்துப் பட்டியலிட்டார். 1975இல் அவரும், தனியாக இன்னொரு தாயும், மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார்கள். ஆய்வகம் கைவிட்ட இடத்தில் நோயைப் பிடித்துக் கொடுத்தது இந்தக் குறிப்புகள்தான். மருத்துவ வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டு நோய்த் துறையில் பயிற்சியில் இருந்த ஆலன் ஸ்டீர், அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்கினார். 1977இல் அவரது குழு 51 நோயாளிகளைப் பற்றி எழுதியது. அவர்களில் 39 பேர் சிறுவர்கள். காட்டை ஒட்டிய சில சாலைகளில் பத்துச் சிறுவர்களில் ஒருவருக்கு நோய் இருந்தது. முடக்குவாதம் இப்படித் தெருத் தெருவாக வருவதில்லை. நோய் தொடங்குவதும் பெரும்பாலும் கோடையிலோ அதை அடுத்த வாரங்களிலோதான். ஆகவே ஏதோ பூச்சி பரப்புகிறது என்ற ஊகம் வலுத்தது. 13 பேர் மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் வட்டமாகப் படர்ந்த ஒரு சிவந்த தடிப்பைக் கண்டிருந்தார்கள். அத்தகைய தடிப்பு உண்ணி கடித்த இடத்தில் வருவதை ஸ்வீடனின் தோல் மருத்துவர் அஃப்ஸெலியஸ் 1909இலேயே பதிவு செய்திருந்தார். ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் அறிந்திருந்ததை அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் அறிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கடித்தது மான் உண்ணி. அதன் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும்; கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. அந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் உழவுக்காக வெட்டிய காடுகள் மறுபடி வளர்ந்து, மான்கள் பெருகி, வீடுகளும் மரங்களுக்கு நடுவே எழுந்திருந்தன. நோய்க்கிருமியை உண்ணி பெறுவது பெரும்பாலும் காட்டெலி போன்ற சிறு விலங்குகளிடமிருந்து. முதிர்ந்த உண்ணிகளுக்கு உணவாகி அவற்றைப் பெருக்குவது மான்.

கிருமி வேறொரு தேடலில் அகப்பட்டது. 1981இல் மொன்டானாவில் உள்ள ஓர் ஆய்வகத்தில் வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில் வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடினார். அவற்றின் குடலில் சுருள் வடிவப் பாக்டீரியாக்கள் நெளிவதைக் கண்டார். 1982இல் முடிவு வெளியானது. அடுத்த ஆண்டு நோயாளிகளின் உடலிலிருந்தே அதே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. 1984இல் அதற்கு பொரெலியா பர்க்டார்ஃபெரி என்று பெயரிட்டார்கள். பாக்டீரியா என்று உறுதியானதும் ஆன்டிபயாடிக் சிகிச்சைக்கு இருந்த தயக்கம் விலகியது.

ரத்தப் பரிசோதனையும் வந்தது. ஆனால் அது கிருமியைத் தேடுவதில்லை, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், நோய் தொடங்கிய நாட்களில் நோய் இல்லை என்றே முடிவு வரலாம். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு வலியும் அசதியும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அதன் காரணம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. உண்ணி உள்ள பகுதிகளில் அந்த வட்டத் தடிப்பு தெரிந்தால், இப்போது மருத்துவர்கள் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறார்கள்.