உறுதியும் உண்மையும்



மன்னார்த் தீவிலே எருக்கலம்பிட்டி என்னும் முஸ்லிம் ஊரொன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் அவ்வூரார் தம் மண்ணைத் துறந்தனர். மன்னார்த் தீவு முஸ்லிம்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். வட மாகாணத்திலிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். உடைமைகளோடு காணி உறுதிகளையும் இழந்தவர் அவருட் பலர். 2009இல் போர் ஓய்ந்தது. ஊர் திரும்பியவன் தன் வளவிலே பிறரைக் கண்டு வழக்கிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வேண்டிய சான்று எதிராளியின் பெட்டிக்குள் இருந்தால் அவன் என் செய்வான்?

இவ்வினா புதியதன்று. பழைய இங்கிலாந்தின் பொதுச் சட்ட மன்றங்களிலே, எதிரியின் கையிலுள்ள ஆவணத்தைக் காட்டும்படி வற்புறுத்த நெடுங்காலம் வழியிருக்கவில்லை. அதற்கெனச் சான்சரி மன்றிலே தனி மனுச் செய்ய வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்களே அவ்வலைச்சலை நீக்கின.

இலங்கையில் இம்முறையை 1889ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைக் கோவை வகுத்தது. வழக்காளியும் எதிராளியும் ஒருவரையொருவர் எழுத்திலே வினவலாம். வழக்குத் தொடர்பாகத் தம்மிடம் உள்ளனவும் முன்பு இருந்தனவுமான ஆவணங்களைச் சத்தியக்கடதாசியிற் கூறும்படி மன்று பணிக்கலாம்.

பிணக்கு எழுவது இங்கேதான். "இவ்வேடு வழக்கிற்குப் புறம்பானது" என்பான் ஒருவன். "ஒளிக்கிறான்" என்பான் மற்றவன். நீதிபதி முதலில் நோக்குவது, அவ்வாவணம் வழக்கின் பொருளைச் சார்ந்ததா என்பதை. அடுத்து, அது சட்டம் காக்கும் இரகசியமா என்பதை. கட்சிக்காரன் தன் சட்டத்தரணியிடம் நம்பிச் சொன்னதை வெளியிடுமாறு கேட்டல் தகாது. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே கட்டளை பிறக்கும். அக்கட்டளையை மீறுவோன் வழக்காளியாயின் அவன் வழக்குத் தள்ளுபடியாகலாம். எதிராளியாயின் அவன் எதிர்வாதம் நீக்கப்படலாம்.

எதிராளியும் ஆவணமில்லை என்றால்? அதற்கும் முன்னோர் வழி வைத்தனர். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலே, இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. உறுதி உரியவனிடம் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். மற்றொன்று காணிப் பதிவகத்தைச் சேரும். வீட்டுப் பிரதி அழிந்தாலும், பதிவகப் பிரதி எஞ்சியிருப்பின் அதன் அத்தாட்சிப்படுத்திய படியைப் பெறலாம்.

பிறிதோர் இடரும் உண்டு. பத்தாண்டு தடையின்றி, உரியவனுக்கு எதிராக ஆண்டவன் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். துரத்தப்பட்டவன் எங்ஙனம் தடுத்திருப்பான்? இக்குறையை நோக்கியே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. பயங்கரவாதக் குழுவின் செயலால் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் எண்ணப்படலாகாது என்று அது விதித்தது. ஆயினும் அதன்படி வழக்கிடுவதற்கும் கால எல்லை இருந்தது.

நேயர்களே, காலவெல்லை பற்றிய சட்டம் வழக்கிடும் வாயிலைத் திறக்கும். அவ்வாயிலுக்குள் நுழைந்தவனுக்கோ ஆவணம் வேண்டும். வலியவன் பெட்டியைப் பூட்டிவைத்தால், எளியவனுக்கு அதன் திறவுகோல் நீதிபதியின் கட்டளையே. ஆகையால், ஏட்டைக் காட்டு என்னும் அச்சிறு கட்டளையைக் காலந்தாழ்த்தாது பிறப்பித்தல் வேண்டும். ஊர் இழந்தவனுக்கு மன்றிலே ஆண்டுகளையும் இழக்கச் செய்தல் நீதியாகாது.