அண்ணத்துப் புண் யாவும் புற்றுநோயன்று

இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை மெல்லும் பழக்கமே இதற்குப் பிரதான காரணம். எனவே, திருகோணமலை லிங்கநகரில் வசிக்கும் ஒருவர் தமது மேலண்ணத்தில் குழிவிழுந்த புண்ணொன்றைக் கண்டு கலங்குவாராயின் அதில் வியப்பில்லை. அந்த அச்சம் வைத்தியசாலைக்கு விரைவாக இட்டுச்செல்லுமாயின் நன்மையே. ஆனால் பரிசோதனைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடலாகாது.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று சோடிகள் இருப்பதைப் பலரும் அறிவர். உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உள்ளன. கீழுதட்டைக் கடித்தபின் தோன்றும் நீலநிற நீர்க்கட்டி இவற்றில் எழுவதே. அதனை இனங்காண்பது எளிது. சிக்கல் அண்ணத்தில்தான். அங்கு வலியின்றிப் பல ஆண்டுகளாக மெல்ல வளரும் உறுதியான கட்டி, பெரும்பாலும் 'பிளியோமோர்பிக் அடினோமா' எனும் தீங்கற்ற கட்டியாக இருக்கக்கூடும். எனினும் சிறு சுரப்பிகளில் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருப்பதால், தோற்றத்தை மட்டும் நம்பவியலாது. தீங்கற்றதாயினும் சுற்றியுள்ள இழையத்துடன் முழுமையாக அகற்றாவிடின் அது மீண்டும் வளரும். காலப்போக்கில் சில புற்றாகவும் மாறும்.

இதற்கு நேர்மாறானது, 1973ஆம் ஆண்டு முதன்முதலில் விபரிக்கப்பட்ட 'நெக்ரொடைசிங் சயலோமெட்டாபிளேசியா'. சுரப்பிக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்படுவதால் இழையம் இறந்து, சில நாட்களிலேயே ஆழமான புண் உண்டாகின்றது. பார்வைக்கு மாத்திரமன்றி நுணுக்குக்காட்டியிலும் இது புற்றுநோயைப் போன்றே தோன்றும். இந்த மயக்கத்தால் தேவையற்ற பெருஞ் சத்திரசிகிச்சைக்கு உள்ளானோரும் உலகில் உண்டு. உண்மையில் இப்புண் 6 முதல் 10 வாரங்களில் தானாகவே ஆறிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய மேலோட்டமாகச் சுரண்டியெடுத்த துணுக்கு போதாது. சுரப்பியின் சிற்றறை அமைப்பு குலையாதிருப்பதை நோயியல் நிபுணர் காணவேண்டுமாயின், இழைய மாதிரி புண்ணின் ஓரத்திலிருந்து ஆழமாக எடுக்கப்படல் வேண்டும். மாதிரியுடன் செல்லும் படிவமும் அதேயளவு முக்கியமானது. புண் எப்போது தோன்றியது, அண்மையில் பல் பிடுங்க ஊசி ஏற்றப்பட்டதா, புகைப்பிடிப்பவரா என்பன அதில் இல்லையெனில், தொலைவிலுள்ள ஆய்வுகூடத்தில் இருப்பவர் கலங்களை மட்டுமே வைத்து முடிவுசெய்ய நேரிடும். அவசரத்தில் வெறுமையாக விடப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களே என்பது எமது எண்ணம்.

இரு வாரங்களுக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். தீங்கற்றது என அறிக்கை வந்தபின்னரும் பத்து வாரங்களில் புண் மூடாவிடின், மீண்டும் இழையப் பரிசோதனை செய்யப்படும்.