வீட்டில் பீர் காய்ச்ச மால்ட் உடைத்தல்

முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களில் பலர் அதைக் கடையில் உடைத்து வாங்குவதில்லை. முழு மணியாக வாங்கி வைத்து, ஊறல் போடும் நாளன்று தாங்களே சிறு இயந்திரத்தில் உடைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது வேரூன்றிய பழக்கம். இந்த வேலைக்குத் தமிழில் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. உளுந்தைத் திருகையில் உடைக்கிறோம், அரிசியை மில்லில் அரைக்கிறோம். மால்ட்டுக்கு வேண்டியது உடைப்பு, அரைப்பு அல்ல. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

உமி ஏன் முழுசாக இருக்க வேண்டும்

பார்லி மணியில் நெல்லைப் போலவே உமி ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது மாவுச்சத்து. பச்சைப் பார்லியைக் கடித்தால் பல்லுக்கு வலிக்கும். மால்ட்டோ பொரி போல நொறுங்கும். முளைவிடும்போது மணிக்குள் உருவாகும் நொதிகள் மாவைச் சுற்றியுள்ள செல் சுவர்களை இளக்கிவிடுவதுதான் காரணம். பிறகு சூளையில் உலர்த்தி ஈரத்தைச் சுமார் 4 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஊறல் என்பது உடைத்த மால்ட்டைச் சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரோடு ஒரு மணி நேரம் வைத்திருப்பது. ஆல்ஃபா அமைலேஸ், பீட்டா அமைலேஸ் என்ற இரு நொதிகள் அந்த நேரத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. உடையாத மணிக்குள் தண்ணீர் சரியாகப் போகாது, அதன் சர்க்கரையும் கிடைக்காது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம்தான் பலர் கோட்டைவிடும் இடம். மணி நேரம் முடிந்ததும் அந்த இனிப்புச் சாற்றைச் சக்கையிலிருந்து பிரித்து இறக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் துளையிட்ட தட்டு இருந்தாலும் உண்மையான வடிகட்டி அதன் மேல் படுக்கையாகப் படியும் உமிதான். உமி முழுசாக இருந்தால் இடையிடையே வழி இருக்கும், சாறு தெளிந்து இறங்கும். உமி தூளாகி மாவும் மிகுந்துவிட்டால் சக்கை களி கிண்டியதுபோல் இறுகிவிடும். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோகும். வீட்டில் காய்ச்சும் எவரும் அஞ்சும் நிலை இது; சக்கையைக் கிளறி, மறுபடி படியவிட்டு, மறுபடி வடித்துப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

பீரில் துவர்ப்பு தட்டினால் உமி தூளானதன் மீதே பழியைப் போடுவது வழக்கம். அது முழு உண்மை அல்ல. சக்கையை 77 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அலசுவதும், அலசும் நீரின் காரத்தன்மை கூடிப்போவதும்தான் துவர்ப்பு தரும் டானினை உமியிலிருந்து அதிகம் இழுக்கின்றன. நொறுங்கிய உமி அதற்குத் துணைபோகிறது.

மிக நைசாக உடைத்தால் சர்க்கரை அதிகம் கிடைக்காதா? கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் ஒரே மால்ட்டை 0.2 மி.மீ. இடைவெளியில் நைசாகவும் 1.0 மி.மீ. இடைவெளியில் கொரகொரப்பாகவும் அரைத்து, இரண்டிலும் எவ்வளவு சத்து இறங்குகிறது என்று ஒப்பிடுவார்கள். நன்கு முளைத்த இன்றைய மால்ட்டில் அந்த வேறுபாடு பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சிறு லாபத்துக்காக வடிகட்டியைக் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

சட்டமும் இயந்திரமும்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்தது. அக்காலத்தில் டப்பாவில் அடைத்த மால்ட் பாகு கடைகளில் தாராளமாக விற்றது; ரொட்டி சுட என்று சொல்லி விற்றார்கள், வாங்கியவர்கள் பலர் பீர் காய்ச்சினார்கள். விலக்கு நீங்கிய பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவது நாடு முழுவதும் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. வயதுவந்த ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 கேலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அதே 1978இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பப்பேசியன் முன்னின்று அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கத்தைத் தொடங்கினார். கடைசியாக வழிக்கு வந்த மாநிலங்கள் அலபாமாவும் மிசிசிப்பியும், 2013இல். பிரிட்டனில் 1880இல் வந்த உரிமக் கட்டாயம் 1963இல் நீங்கியது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு பீருக்கும் அது பொருந்தும்.

தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பலர் பாகு டப்பாவோடு நின்றார்கள். முழு மால்ட்டுக்குத் துணிந்தவர்களின் கையில் கிடைத்தது, லத்தீன் அமெரிக்கச் சமையலறைகளில் சோளம் அரைக்கப் பயன்பட்ட கொரோனா என்ற கை இயந்திரம். எதிரெதிரே நிற்கும் இரு வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கு இடையே தானியம் தேய்ந்து அரைபடும். தேய்ப்பதால் உமி கிழியும். ஆனாலும் தட்டுகளைத் தளர்த்தி வைத்துப் பழகிய கைகள் அதிலும் நல்ல உடைப்பு எடுத்திருக்கின்றன. விலை மலிவு என்பதால் இன்றும் அதை விடாதவர்கள் உண்டு. மிக்ஸி இந்த வேலைக்கு அறவே ஆகாது. அதன் பிளேடு உமியையும் மாவையும் வேறுபாடு பார்க்காமல் வெட்டித் தள்ளிவிடும்.

1990களில் வீட்டுக்கான உருளை இயந்திரங்கள் பரவின. வரிவரியாகச் சொரசொரப்பு வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். மேலே கூம்புத் தொட்டி, பக்கத்தில் கைப்பிடி, கீழே வாளி. உருளை மணியைப் பிடித்து இழுத்து நசுக்கும். உமி விரிந்துகொடுக்கும், உள்ளீடு உடையும். மூன்று உருளை இயந்திரத்தில் முதல் இணை மணியை லேசாக நசுக்க, அடுத்த இணை உடைத்து முடிக்கும். பெரிய ஆலைகளில் ஆறு உருளைகள் வரை உண்டு. அடியில் படுக்கை படியவிடாமல் துணித் தகடுகளால் அழுத்திப் பிழியும் ஆலைகள் மட்டும் சுத்தியல் ஆலையில் மாவாகவே அரைக்கின்றன. அங்கே உமிக்கு வேலை இல்லை.

இடைவெளி

நல்ல பருமனுள்ள பார்லி மணி 2.5 மி.மீ. சல்லடையில் தங்கும். அதை உடைக்க உருளைகளுக்கு இடையே 1 மி.மீ. அளவு இடைவெளி பொதுவான தொடக்கம். 0.9க்கும் 1.2க்கும் இடையில் அவரவர் மால்ட்டுக்கும் பாத்திரத்துக்கும் ஏற்பச் சரிசெய்துகொள்ளலாம். இடைவெளியை அளக்க ஏ.டி.எம். அட்டையைச் செருகிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.தான். அதை நம்பினால் இறுக்கமாக வைத்துவிடுவோம். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் மலிவானது, நம்பகமானது. உருளையின் இரு முனைகளிலும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு முனை தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் முழு மணிகள் தப்பிப்போகும்.

துணிப் பையில் மால்ட்டைப் போட்டு, ஊறியதும் பையையே தூக்கிவிடும் முறை ஆஸ்திரேலியாவில் பரவியது. அங்கே வடிகட்டி துணி என்பதால் இடைவெளியை 0.7 மி.மீ. வரை குறைக்கிறார்கள். கோதுமை மால்ட்டுக்கு உமி கிடையாது, மணியும் சிறிது, கடினமானது. அதைத் தனியாகக் குறுகிய இடைவெளியில் உடைப்பது நல்லது. கோதுமை அதிகம் சேரும் ஊறலில் நெல் உமியைக் கலந்துகொண்டால் படுக்கை இறுகாது.

முதல் பிடியை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார்க்காமல் மொத்தத்தையும் உடைத்துவிடக் கூடாது. நல்ல உடைப்பு கண்ணுக்கு இப்படித் தெரியும்: உமி நீளவாக்கில் பிளந்து, ஏறக்குறைய முழுசாக, வெற்றுக் கூடாகக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் உள்பக்கம் வெள்ளை ஒட்டியிருக்காது. உள்ளீடு பெரும்பாலும் குருணையும் ரவையுமாக இருக்கும், மாவு கொஞ்சமே. ஊதினால் உமி பறக்கும், குருணை நிற்கும். முழு மணி கண்ணில் பட்டால் கால் திருகு இறுக்கலாம். விரலில் மாவு பூசிக்கொண்டால் தளர்த்த வேண்டும். கடையில் உடைத்து வாங்குபவருக்கு இந்தச் சோதனைக்கு வழியில்லை. கடை இயந்திரம் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவில் நிற்கும். சொந்தமாக உடைப்பதன் முதல் நன்மை இதுவே என்று உறுதியாகச் சொல்லலாம்.

உடைக்கும் முன் மால்ட்டின் எடையில் 1 முதல் 2 சதவீதம் தண்ணீரைத் தெளித்துப் பிசறிச் சில நிமிடம் வைப்பது கெட்டிக்காரத்தனமான முறை. ஐந்து கிலோவுக்கு 50 முதல் 100 மி.லி. போதும். உமி மட்டும் ஈரத்தை வாங்கித் தோல்போல வளையும், உள்ளீடு காய்ந்தே இருக்கும். தண்ணீர் கூடினால் உருளையில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

20 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ மால்ட் தேவை. கையால் சுற்றினால் பத்து நிமிடம் போலப் பிடிக்கும். டிரில் பூட்டிச் சுற்றுபவர்கள் வேகத்தை நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் ஏறினால் உருளை மணியை நசுக்குவதை விட்டுக் கிழிக்கத் தொடங்கும்.

தூசியும் சேமிப்பும்

மால்ட் தூசியில் லாக்டோபாசில்லஸ் போன்ற புளிப்புப் பாக்டீரியாக்கள் நிறைய. பீர் நொதிக்கும் அறையில் உடைத்தால் தூசி படிந்து பீர் புளித்துப்போகலாம். வேறு அறையிலோ வெளியிலோ உடைப்பது, மூக்குக்கு முகமூடி கட்டிக்கொள்வது, பக்கத்தில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் தவறக் கூடாது.

25 கிலோ மூட்டையாக வாங்கினால் விலை குறையும். முழு மணியைக் காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பல மாதங்கள் வைக்கலாம். உடைத்த மால்ட் ஈரத்தை இழுத்துச் சில வாரங்களிலேயே மணம் குன்றும்.

புதிய இயந்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஒரு கிலோ மட்டமான மால்ட்டை ஓட்டி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உருளையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், துருப்பிடிக்கும். பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் இடைவெளி எவ்வளவு, சாறு எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து முறைக்குப் பிறகு உங்கள் இயந்திரத்துக்கும் உங்கள் பாத்திரத்துக்கும் பொருந்தும் எண் அந்த நோட்டில் கிடைக்கும்.