ஒற்றைக்கொம்புக் குதிரை முத்திரை

அமெரிக்காவில் மாயக்கதை தனி வகையாக வேரூன்ற டோல்கீன்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. 1965இல் பாலன்டைன் பதிப்பகம் அவருடைய நாவல்களை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தபோது வாசகர்களுக்குப் பசி பிறந்தது. அடுத்து எதைப் படிப்பது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் லின் கார்ட்டர். 1969 முதல் 1974 வரை அதே பதிப்பகத்துக்காக அவர் தேர்ந்தெடுத்த வரிசையில், அட்டையில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் தலை பொறித்த சிறு முத்திரை இருக்கும். உள்ளே, கதைக்கு முன்னால் அவருடைய முன்னுரை. ஆசிரியர் யார், இதற்கு முன் யார் இப்படி எழுதினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதுவார். 1924இல் வெளியான டன்சனி பிரபுவின் ‘எல்ஃப்லாந்து அரசனின் மகள்’ புதிய தலைமுறையின் கைக்கு வந்தது இப்படித்தான்.

அந்த முன்னுரைகளில் தகவல் பிழைகள் உண்டு, ரசிகரின் மிகைப் புகழ்ச்சியும் உண்டு என்பது நியாயமான குறைதான். ஆனால் பிறர் மறந்துபோன நூல்களைத் தூசி தட்டி எடுக்க அந்த ரசிகருக்குத்தான் மனம் வந்தது. பொறுக்க முடியாதது வேறு: ஹோப் மிர்லீஸின் 1926ஆம் ஆண்டு நாவலை 1970இல் அவர் அனுமதியின்றியே அச்சிட்டார்கள். மிர்லீஸ் அப்போது உயிரோடு இருந்தார், 1978இல்தான் காலமானார்.